உறையில் இட்ட கட்டுரை

கல்லூரிப் படிப்பை முடித்து, ஓர் ஆசிரியரின்கீழ் அமர்ந்து ஆராய்ச்சி செய்து, டாக்டர் பட்டமும் பெற்றுவிட்ட ஒருவர் மறுநாளே பேராசிரியர் ஆகிவிடுவார் என்று மாணவர் பலர் எண்ணுவர். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அங்ஙனம் நிகழ்வது அரிது. இயற்பியல் துறையில் மிக அரிது. பட்டத்துக்கும் நிலையான பணிக்கும் இடையே, டாக்டர் பட்டத்திற்குப் பிற்பட்ட ஆய்வுப் பதவி என்னும் ஒன்று உண்டு. அஃது இரண்டு ஆண்டு நிற்கும்; மிஞ்சினால் மூன்று ஆண்டு. அதன்பின் வேறோர் ஊர், வேறொரு பல்கலைக்கழகம். பாடம் நடத்தும் சுமை பெரும்பாலும் இல்லை. ஆசிரியர் குறித்துக் கொடுத்த பொருளையே ஆராயவேண்டும் என்னும் கட்டும் தளர்ந்துவிடும். ஆயினும் கட்டுரைகள் வெளிவருதல் வேண்டும். மூத்த அறிஞர் சிலர் பரிந்துரைக் கடிதம் எழுதுதல் வேண்டும். இல்லையேல் அடுத்த பதவி இல்லை. உரிமையும் அச்சமும் ஒருங்கே குடியிருக்கும் வீடு அது.

அடிப்படைத் துகள்களை ஆராயும் கோட்பாட்டு இயற்பியலில் இப்பதவியை வகித்தவர்களுள் ஜெரால்டு குரால்னிக் என்பார் ஒருவர். 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் பிறந்த இவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்பர்ட் என்பாரிடம் பயின்று 1964-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே, அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் அளித்த உதவித்தொகையுடன் இலண்டன் மாநகரத்து இம்பீரியல் கல்லூரியை அடைந்தார். அங்கே கோட்பாட்டு இயற்பியல் குழுவுக்குத் தலைவராய் விளங்கியவர் அப்துஸ் சலாம். அக்குழுவில் விரிவுரையாளராய் இருந்த டாம் கிபிள் நம் சென்னை நகரிலே 1932-இல் பிறந்தவர். அவருடைய தந்தையார் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராய் இருந்தவர். கோட்பாட்டாளருக்குப் பெருங்கருவிகள் வேண்டுவதில்லை. கரும்பலகையும் தாளும் போதும். ஆனால், எதிரே அமர்ந்து மறுத்துப் பேசுவோர் வேண்டும். கிபிள் அத்தகையவராய் வாய்த்தார்.

குரால்னிக் கையிலெடுத்த வினா எளியதன்று. ஒரு கோலைத் தரையில் நுனியூன்றி நிமிர்த்தி நிறுத்துவோம். சுற்றியுள்ள திசையெல்லாம் அதற்கு ஒன்றே. அது விழும்போதோ ஏதேனும் ஒரு திசையில்தான் விழும். முன்னிருந்த சமச்சீர் மறைந்துவிடும். இயற்கை விதிகளில் அமைந்த தொடர்ச்சியான சமச்சீர் இவ்வாறு தானே முறியுமாயின், பொருண்மை சிறிதும் இல்லாத ஒரு துகள் தோன்றியே தீரும் என்பது கோல்ட்ஸ்டோன் பெயரால் வழங்கும் தேற்றம். இனி, விசைகளை ஏந்திச் செல்லும் துகள்களைப் பற்றிய மற்றொரு கொள்கையும் அத்துகள்களுக்குப் பொருண்மை இருத்தலாகாது என்றது. ஒளித்துகள் அத்தகையதே, அதனாலேயே மின்காந்த விசை நெடுந்தொலைவு எட்டுகிறது. ஆனால், அணுக்கருவின் சிதைவில் காணப்படும் மெல்விசை அக்கருவின் அளவுக்கு அப்பால் எட்டுவதேயில்லை. அதனை ஏந்தும் துகள் மிக்க பொருண்மை உடையதாதல் வேண்டும். இரு கொள்கைகளும் வற்புறுத்திய பொருண்மையற்ற புதுத்துகள்களோ எவர் சோதனையிலும் அகப்படவில்லை.

சார்பியலுக்கு இயைந்த கொள்கைகளில் கோல்ட்ஸ்டோன் தேற்றத்துக்கு விலக்கு இல்லை என 1964-இல் எழுதியவர் குரால்னிக்கின் ஆசிரியராகிய கில்பர்ட்டே. மாணாக்கர் அதற்கு மாறான முடிவை நோக்கி நடந்தார். இதனை ஆசிரியரை இகழ்தல் என்று கொள்ளலாகாது. ஆசிரியர் கூற்று எவ்வெல்லை வரை செல்லும் என்று அளந்து காண்பதும் மாணாக்கன் கடமையே. இளமைத் தோழரும் அமெரிக்காவில் பணியாற்றியவருமாகிய ரிச்சர்டு ஹேகன் இலண்டனுக்கு வந்து சேர, மூவரும் கூடிக் கணக்கிட்டனர். விசைத்துகள்களைக் கொண்ட கொள்கைகளில் அத்தேற்றத்தின் அடிப்படை பொருந்தவில்லை என்றும், தேற்றம் கூறிய பொருண்மையற்ற துகள் தோன்றாமலே விசைத்துகள் பொருண்மை பெறலாம் என்றும் கண்டனர்.

கட்டுரையை எழுதி முடித்து உறையில் இட்டுக்கொண்டிருந்த வேளையில், கிபிள் சில தாள்களை ஏந்தி அறைக்குள் வந்தார். தபால் மிகத் தாமதித்து வந்த காலம் அது. எடின்பரோவிலிருந்த பீட்டர் ஹிக்ஸ் எழுதியனவும், பிரஸ்ஸல்ஸிலிருந்த பிரௌட், எங்லேர் ஆகிய இருவர் எழுதியதும் அப்போதுதான் வந்திருந்தன. அதே வினா, அதே திசையில் விடை. எங்லேரும் 1959-இல் பிரௌட்டிடம் சேர்ந்தது, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இத்தகைய ஆய்வுப் பதவியிலேயே. தாமே தனித்துக் கண்டதைப் பிறரும் கண்டனர் என்று அறியும் கணம் இளம் ஆய்வாளர்க்குக் கசப்பானது. அக்கட்டுரைகளைக் காணாதவர்போல் இருந்துவிட எவரும் தடை சொல்லியிரார். மூவரும் அவற்றைத் தம் கட்டுரையிற் குறிப்பிட்ட பின்னரே அனுப்பினர். 1964 அக்டோபர் 12-இல் இதழாசிரியரை அடைந்த அது நவம்பர் 16-இல் வெளிவந்தது. ஏனைய இரு சாராருடையன முன்னரே அச்சேறியிருந்தன.

புகழ் வந்ததா எனின், வரவில்லை. 1965-இல் மியூனிக் அருகே நிகழ்ந்த மாநாட்டில் குரால்னிக் இதனை எடுத்துரைத்தபோது, முதுபெரும் அறிஞராகிய ஹைசன்பர்க் முதலாயினோர் இதனைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆய்வுப் பதவி ராசெஸ்டரிற் கிடைத்தது. ஆங்குத் தலைவராயிருந்த மார்ஷாக், இயற்பியலில் பிழைத்திருக்க வேண்டுமாயின் இத்தகைய வினாக்களை விட்டொழிக்குமாறு அறிவுறுத்தினார். நிலையான பணி இன்னும் கைகூடாத ஒருவர்க்கு அச்சொல் எத்துணை அழுத்தியிருக்கும்! குரால்னிக் வேறு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1967-இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி பெற்றார்.

அவ்வாண்டிலேயே ஸ்டீவன் வைன்பர்க்கும், அடுத்த ஆண்டில் சலாமும் இதே கருத்தைக் கொண்டு மெல்விசையையும் மின்காந்த விசையையும் ஒரு கொள்கையுள் அடக்கினர். அக்கொள்கை கூறிய கனத்த விசைத்துகள்கள் 1983-இல் ஜெனிவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் அகப்பட்டன. 2010-இல் அமெரிக்க இயற்பியல் கழகம் சகுராய் பரிசினை அறுவர்க்கும் பகிர்ந்தளித்தது. 2012 ஜூலை 4-இல் செர்ன் அரங்கில் புதிய துகளின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பெற்றபோது ஹிக்ஸ், எங்லேர், ஹேகன், குரால்னிக் ஆகிய நால்வரும் கேட்டிருந்தனர். பிரௌட் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். மூவர்க்கு மேல் பகிர்ந்தளிக்க விதி இடங்கொடாத நோபெல் பரிசு 2013-இல் எங்லேருக்கும் ஹிக்ஸுக்கும் சென்றது. குரால்னிக் 2014 ஏப்ரலில் காலமானார். அதுவரை அவர் பிரௌன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராகவே இருந்தார்.