கைவினைக் கத்திக்கு உப்புத்தாள்: காசுக்கேற்ற தேர்வுக்குச் சில குறிப்புகள்

பட்டறையில் சொல்லி அடித்து வாங்கிய கத்தியானாலும், நீங்களே பட்டையை வெட்டி உருவாக்கியதானாலும், அலகைக் கையால் தேய்த்து முடித்தால்தான் அழகு கூடும். அந்த வேலை மணிக்கணக்கில் போகும், தாளும் நிறையச் செலவாகும். ஒரு ஷீட் என்ன விலை என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கத்தி முடிய எத்தனை ஷீட் ஆகிறது என்று பாருங்கள். அந்தக் கணக்கு குறைவதற்கான குறிப்புகள் இதோ.

1. கடையில் 'வாட்டர் பேப்பர்' என்றே கேளுங்கள். மரவேலைக்கான சாதாரண உப்புத்தாள் தண்ணீர் பட்டதும் ஊறிக் கிழிந்துவிடும். 3எம் நிறுவனம் 1921இல் வாட்டர் பேப்பரைக் கொண்டுவந்த பிறகே தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் முறை பரவியது. எஃகுக்கு அதுவே ஏற்றது. துகளின் நயத்தைக் குறிக்கும் எண்தான் நம்பர்; 400க்கு மேற்பட்ட நம்பர்கள் ஹார்டுவேர் கடையில் இல்லாவிட்டால் கார் பெயிண்ட் விற்கும் கடையில் கேளுங்கள்.

2. தாளில் ஒட்டியிருக்கும் துகள் எது என்று பாருங்கள். கருஞ்சாம்பல் நிறத்தில் வருவது பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு. மிகக் கடினமானது, கூர்மையாக வெட்டும்; ஆனால் அழுத்தினால் சீக்கிரம் நொறுங்கும். அலுமினியம் ஆக்சைடு சற்று உறுதியானது, கூடுதல் நேரம் தாங்கும். பதமேற்றிய எஃகுக்கு இரண்டும் உதவும். கார்னெட் தாள் மரத்துக்கு மட்டும். மெஷின் பெல்ட்டில் பேர்பெற்ற செராமிக் துகள் பலமான அழுத்தத்தில்தான் முழுப் பலன் தரும்; கைவேலைக்கு அந்தக் கூடுதல் விலை பெரும்பாலும் தேவைப்படாது.

3. பின்பக்கத்தில் நம்பருக்கு முன்னால் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஐரோப்பிய அளவு. 220 வரை ஐரோப்பிய, அமெரிக்க அளவுகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு மேல் விலகிவிடும்: பி400 ஏறக்குறைய அமெரிக்க 320க்கும், பி1200 அமெரிக்க 600க்கும் சமம். ஒரே வேலையில் இரண்டையும் கலந்தால் ஒரே நயமுள்ள தாளை இரு முறை வாங்கிவிடுவீர்கள்.

4. மொத்தமாக வாங்குமுன் ஒரே ஒரு ஷீட் வாங்கிச் சோதியுங்கள். லேசாக வளைத்தால் துகள் உதிரக் கூடாது. தண்ணீரில் கால் மணி நேரம் ஊறினாலும் தாள் பிய்யக் கூடாது. பிறகு பழைய எஃகுத் துண்டில் ஒரே திசையில் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடுகள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருந்தால் நல்ல தாள். நடுவில் ஒரு கோடு மட்டும் ஆழமாக விழுந்தால், நுண்துகளோடு பெருந்துகள் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த ஒரு கோட்டை அழிக்க முந்தைய நம்பருக்குத் திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட தாள் இலவசமாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

5. பெயர்பெற்ற தயாரிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கிரைண்ட்வெல் நார்ட்டன், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கார்பொரண்டம் யுனிவர்சல் ஆகியவற்றின் தாள்கள் நம் ஊரில் கிடைக்கின்றன. போர்ச்சுக்கல் நாட்டு இந்தாசா நிறுவனத்தின் ரைனோவெட் தாளை வெளிநாட்டுக் கத்திக் கைவினைஞர்கள் பலர் விரும்புகிறார்கள்.

6. ஆரம்ப நம்பருக்கும் கடைசி நம்பருக்கும் நல்ல தாளாக வாங்குங்கள். அரம் அல்லது கிரைண்டர் விட்ட பள்ளங்களை நீக்குவது முதல் நம்பர்தான். அதிகத் தாளும் நேரமும் அங்கேதான் போகும். கண்ணுக்குத் தெரியப்போவது கடைசி நம்பர் விடும் கோடு. இடையிலுள்ளவற்றில் வேண்டுமானால் சற்று மலிவானதைப் பயன்படுத்தலாம்.

7. சமையல் கத்திக்கு 120, 220, 400, 600 என்ற வரிசை போதும். 400இல் நிறுத்தினாலும் சீரான, அழகான தோற்றம் வரும். 2000 வரை போய்க் கண்ணாடி மினுக்கம் கொண்டுவந்தாலும் அன்றாடச் சமையலில் விரைவில் கீறல் விழும். ஒரு நம்பரிலிருந்து அதன் இரு மடங்குக்கு மேல் தாவாதீர்கள்.

8. வழக்கமான ஷீட் 9 அங்குலம் அகலம், 11 அங்குலம் நீளம். ஒரு அங்குல அகலத்தில் கிழித்தால் 9 பட்டைகள் கிடைக்கும். பின்பக்கத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து அழுத்திக் கிழியுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் அது மழுங்கிவிடும். பட்டையைத் தட்டையான இரும்பு அல்லது அலுமினியக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் அலகின் நேர்கோடுகள் உருண்டு போகும்.

9. நம்பர் மாறும்போதெல்லாம் தேய்க்கும் திசையையும் மாற்றுங்கள். 120இல் வலப்பக்கமாகச் சாய்த்துத் தேய்த்தால் 220இல் இடப்பக்கமாகச் சாயுங்கள். பழைய கோடு எங்கே மிச்சம் என்பது உடனே தெரியும். அது முற்றிலும் மறையும்வரை அடுத்த தாளை எடுக்காதீர்கள். தாளை வீணாக்குவதில் முதலிடம் இந்த அவசரத்துக்கே.

10. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீர் அல்லது மெல்லிய எண்ணெய் விட்டுத் தேயுங்கள். இரும்புப் பொடி தாளை அடைக்காது. நம்பர் மாற்றும்போது அலகு, கட்டை, கை மூன்றையும் துடைத்துவிடுங்கள். தாள் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கினால் உடனே புதுப் பகுதிக்கு நகர்த்துங்கள். தேய்ந்த தாளை அழுத்தித் தேய்த்தால் கைதான் வலிக்கும்.

11. கடைசிச் சுற்றுக்குப் புதுப் பட்டை எடுத்து, பிடியிலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் இழுத்து, கையை எடுத்துவிடுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கை திரும்பும் இடத்தில் தூண்டில் முள் போன்ற கீறல் விழும்.

12. அலகுக்குப் பயன்படுத்திய தாளை மரப்பிடியில் வைக்காதீர்கள். அதிலுள்ள இரும்புப் பொடி, ஈரம் பட்டதும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்புக் கறையாகிவிடும். பிடிக்குத் தனியாக உலர் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

13. கூர் தீட்டுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது அலகைப் பலகையோடு இறுக்கிக் கட்டி, முனை வெளியே நீட்டாதபடி பாருங்கள். உலர்வாகத் தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம். வேலை முடிந்ததும் நன்றாகத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். கார்பன் எஃகில் துரு மிக விரைவாக ஏறும்.

14. முதல் கத்திக்கு 120, 220 நம்பர்களில் மும்மூன்று ஷீட், 400, 600இல் இரண்டிரண்டு வாங்கிப் பாருங்கள். எந்த நம்பர் எவ்வளவு தீர்ந்தது என்று குறித்து வையுங்கள். இரண்டு மூன்று கத்திகள் முடிந்ததும் உங்கள் தேவை தெரிந்துவிடும். அதிகம் தீரும் நம்பரை மட்டும் 50 ஷீட் கட்டாக வாங்கலாம். மீதியை ஈரம் படாத இடத்தில், சுருளாமல், பலகைக்கு அடியில் தட்டையாக வையுங்கள்.