இணையவழிப் பாடம்: சேர்ந்தால் மட்டும் போதுமா?

 

கல்லூரிப் பாடம் புரியாவிட்டால் டியூஷனுக்குப் பணம் தேட வேண்டும் என்ற நிலை இன்று இல்லை. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் அந்நிறுவனங்களின் பேராசிரியர்களே பாடம் நடத்துகிறார்கள். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்திலும் அப்பாடங்கள் கிடைக்கின்றன. சேரவும் படிக்கவும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும்.

இப்பாடங்களில் சேருவோர் பலர், முடிப்போர் சிலரே. மதிப்பெண் முறையை முதலிலேயே அறியாததும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்திரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10-ம், தேர்வில் 30-ம் தனித்தனியே பெற வேண்டும். தேர்வில் 70 வாங்கினாலும், பயிற்சிகளை அனுப்பாதவருக்குச் சான்றிதழ் கிடையாது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளே கணக்கில் வரும். ஆகவே ஓரிரு வாரம் தவறினால் மனம் தளர வேண்டாம். ஆனால் கடைசி மாதத்தில் மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் இங்கே பலிக்காது.

மதரஸாவில் அன்றன்றைய சபக்கை அன்றே ஒப்பிப்பது போலத்தான் இதுவும். வீடியோவைப் பார்ப்பது படிப்பாகாது. பத்து நிமிடம் கேட்டதும் நிறுத்துங்கள். புரிந்ததைப் பார்க்காமல் நோட்டில் எழுதுங்கள். ஆசிரியர் போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எழுத வராத இடம்தான் புரியாத இடம். அதைக் குறித்துவைத்து வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்.

யு.ஜி.சி.யின் 2021 விதிகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்க இடமளிக்கின்றன. உங்கள் கல்லூரி எந்தெந்தப் பாடங்களை ஏற்கும் என்பதைத் துறைத் தலைவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரே போன்தான் என்றால், தினமும் ஒரு மணி நேரத்தைப் படிக்கும் பிள்ளைக்கென ஒதுக்குங்கள். ஃபஜ்ருக்குப் பின்னரோ, இஷாவுக்குப் பின்னரோ, எதுவானாலும் அது மாறாத நேரமாக இருக்கட்டும். அந்த நேரத்தில் மகளை அடுப்படிக்கும், மகனைக் கடைக்கும் கூப்பிடாதீர்கள். செலவில்லாத இந்தப் படிப்புக்கு நாம் தர வேண்டியது அந்த ஒரு மணி நேரம்தான். அதைத் தந்தால், இன்ஷா அல்லாஹ், சேர்ந்த பிள்ளை முடித்தும் காட்டும்.