தீயின்றி வேகும் உணவு

கார்த்திகைத் திங்களில் சென்னையில் மாலை 5.45 மணிக்குள் கதிரவன் மறைந்து விடுகிறான். பணிக்குச் சென்றோர் 5 மணிக்கு இல்லம் திரும்பி, அதன்பின் சமைத்துப் பொழுதோடு உண்பது அரிது. முதியோர் அடுப்பருகே நெடுநேரம் நிற்பதும் இயலாது. இவ்விடர் தீரச் செலவின்றித் தொடங்கத்தக்க வழியொன்று உண்டு.

கொதி வந்தபின் எரியும் தீயில் பெரும்பகுதி, பாத்திரம் இழக்கும் வெப்பத்தை ஈடு செய்யவே செலவாகிறது. அவ்விழப்பைத் தடுத்தால் உணவு தானே வேகும். மூடியுள்ள மரப்பெட்டியொன்றில் அடியிலும் பக்கங்களிலும் பழைய பருத்திப் போர்வைகளை 4 அங்குலக் கனத்திற்கு அடைக்கவும். வைக்கோலும் ஏற்றதே, எனினும் அதில் சிற்றுயிர்கள் தங்கக்கூடுமாதலின் நமக்குத் துணியே தக்கது.

முதற்பயிற்சியாகப் பொங்கல் செய்வோம். அரிசி 2 டம்ளர், பாசிப்பருப்பு 1 டம்ளர் ஆகியவற்றை அரைமணி நேரம் ஊறவைக்கவும். வடிகட்டிய நீர் 9 டம்ளரும் உப்பும் சேர்த்து, 10 நிமிடம் கொதிக்கவிடவும். பாத்திரம் முக்கால் பங்கேனும் நிறைந்திருத்தல் வேண்டும். குறைந்த அளவு விரைவில் ஆறிவிடும். இறுக மூடி, 2.30 மணிக்குப் பெட்டியில் வைத்துப் போர்வையால் மேலும் மூடவும். இடையில் திறத்தல் கூடாது. 5 மணிக்கு எடுத்து, மீண்டும் கொதி வரச் சூடாக்கி, மிளகு, சீரகம், சுக்குப் பொடி ஆகியவற்றை நெய்யில் தாளித்துச் சேர்க்கவும்.

இரு எச்சரிக்கைகள்: வெப்பம் 60 பாகைக்குக் கீழ் இறங்கினால் நுண்ணுயிர்கள் பெருகும், ஆதலின் 4 மணி நேரத்திற்கு மேல் வைத்தலாகாது. ராஜ்மாவை இம்முறையில் சமைக்க வேண்டா. அது முற்றக் கொதியாவிடில் அதன் நச்சு நீங்காது.

எரிபொருளும் மிஞ்சும், இரவுண்ணா நோன்பும் இடரின்றி நிறைவேறும்.