நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாவோம்



கல்லூரித் தேர்வுகள் முடிந்து, பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும் காலம் இது. நம் மஹல்லாவில் பல வீடுகளில் இப்போதுதான் முதல் பட்டதாரி உருவாகியிருக்கிறார். பாடம் சொல்லித்தர அவருக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு என்ன உடுத்துவது, எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. நல்ல மதிப்பெண் இருந்தும் வேலை கைநழுவிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிஜ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கும்போது சட்டையும் ஷூவும் என்ன செய்யும் என்று சிலர் கேட்பதுண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. கட்டுவது நம் வேலை. முடிவு அவனுடையது.

குர்ஆன் தரும் இரண்டு பாடங்கள்

அல்கஸஸ் அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தில், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திக்கொள்ளும்படி ஒரு பெண் தம் தந்தைக்கு யோசனை சொல்கிறார். அவர் காட்டிய காரணங்கள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை. இன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்ப்பதும் இவற்றைத்தான். இந்த வேலை இவருக்கு வருமா? இவரை நம்பி ஒப்படைக்கலாமா?

அடுத்தது யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு. எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, அதைக் காக்கும் ஆற்றலும் அறிவும் தமக்கு உண்டு என்பதை அவர்கள் எடுத்துச் சொன்னார்கள் (12:55). உள்ளதைச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது. அடக்கம் என்று நினைத்து வாய்மூடி இருக்கும் நம் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆடை

புதுத்துணி எடுக்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. வெளிர் நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை, கருநிறத்தில் ஒரு பேண்ட், பெல்ட், பாலிஷ் போட்ட ஷூ. இவ்வளவு போதும். முந்தைய நாளே இஸ்திரி போட்டு, பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து மாட்டி வையுங்கள். சட்டை இரவல் என்றால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தோள் தொங்கினாலும் கழுத்து இறுக்கினாலும் கவனம் அதிலேயே போய்விடும்.

தாடி வைத்திருப்பவர்கள் சீவி ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். நகம் வெட்டியிருக்கட்டும். அத்தரில் மட்டும் கொஞ்சம் சிக்கனம் தேவை. பள்ளிவாசலில் மணக்கும் ஊது அத்தர், அடைத்த ஏ.சி. அறையில் எதிரே இருப்பவருக்குத் தலைவலியாகலாம். குளித்துச் சுத்தமாக இருப்பதே போதுமான மணம்.

சகோதரிகள் ஹிஜாபை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரே நிறத்தில், பளபளப்பில்லாத துணியாக, நழுவாதபடி பின் குத்தியிருக்கட்டும். அடிக்கடி கையால் சரிசெய்துகொண்டே பேசினால் பதற்றமாகத் தெரியும். முகத்திரை அணிபவர்கள், வாசலில் அடையாளச் சோதனைக்குப் பெண் ஊழியர் இருப்பாரா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

எதிர்பாலினத்தவர் கைகுலுக்க நீட்டினால் திகைக்க வேண்டாம். வலது கையை நெஞ்சில் வைத்து, புன்னகையுடன் வணக்கம் சொல்லுங்கள். பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

ஃபைலில் இருக்க வேண்டியவை

சுயவிவரக் குறிப்பில் 3 பிரதிகள், சான்றிதழ்களின் அசலும் ஜெராக்ஸும், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒரு பேனா. இவற்றை வரிசையாக அடுக்கி வையுங்கள்.

நம் சமுதாயத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ‘முகமது’ என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துக்கூட்டல்கள். மதிப்பெண் பட்டியலில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் வேறொன்று. இனிஷியலும் இடம் மாறிக் கிடக்கும். தேர்வாகிச் சான்றிதழ் சரிபார்க்கும் நேரத்தில்தான் இது தடையாக வந்து நிற்கும். பள்ளிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் அரசிதழில் பெயர்மாற்றம் வெளியிடலாம். இதற்கெல்லாம் நாளாகும், அழைப்பு வந்தபின் ஓடினால் முடியாது.

தமிழக அரசுப் பணிக்கு என்றால் சாதிச் சான்றிதழும் அவசியம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. சான்று கையில் இல்லையென்றால் அந்த உரிமையைக் கேட்க முடியாது.

பேச்சு

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதே வழக்கமான முதல் கேள்வி. ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியவை நான்கு: பெயரும் ஊரும், படிப்பு, செய்து பழகிய வேலை, இந்த வேலையில் ஆர்வம் ஏன் என்பது.

செய்து பழகிய வேலை எதுவும் இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். வாப்பாவின் மளிகைக் கடையில் மாலைநேரம் உட்கார்ந்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். ‘சும்மா கடையில் இருந்தேன்’ என்றால் அது ஒன்றுமில்லை. ‘2 ஆண்டுகளாகத் தந்தையின் கடையில் கொள்முதல் கணக்கு எழுதுகிறேன், டாலியில் பில் போடுகிறேன், கடன் பாக்கியை வசூலிக்கிறேன்’ என்றால் அது அனுபவம். இரண்டும் ஒரே உண்மைதான். இரண்டாவது, கேட்பவருக்குப் புரியும்படி சொல்லப்பட்ட உண்மை.

ஆங்கிலம் தடுமாறினால் மெதுவாகப் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் மீண்டும் கேட்கச் சொல்வதில் தவறில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாக யாரேனும் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்யில் தொடங்கும் சம்பளத்தில் பரக்கத் இருக்காது. அதோடு, வைப்புநிதிக் கணக்கைப் பார்த்தாலே எந்த நிறுவனத்தில் எந்த மாதம்வரை வேலை பார்த்தார் என்பது தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தால், ஜும்ஆ நேரத்தைச் சொல்லி, காலையிலோ 3 மணிக்குப் பிறகோ நேரம் தர இயலுமா என்று அழைப்பு வந்த அன்றே பணிவாகக் கேளுங்கள். கடைசி நேரத்தில் கேட்பது சாக்குப்போக்காகத் தோன்றும்.

பணம் கேட்டால்

நேர்முகத் தேர்வுக்கென்று நேர்மையான நிறுவனம் பணம் கேட்காது. வளைகுடா வேலை என்றால், ஆள் அனுப்பும் முகவர் அரசில் பதிவு செய்தவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் ஈமைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். அதற்கு முன் பணமோ அசல் பாஸ்போர்ட்டோ கொடுக்க வேண்டாம். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு அழும் தாய்மார்களை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோருக்கு

மகளைத் தனியே அனுப்பத் தயக்கம் இருந்தால் கூடவே போங்கள், வாசலில் காத்திருங்கள். உள்ளே அவரே பேசட்டும். அவருக்காக நீங்கள் பதில் சொன்னால், வேலையைத் தனியே பார்க்க மாட்டார் என்றே நினைப்பார்கள்.

முந்தைய இரவு வீட்டில் ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து பத்துக் கேள்விகள் கேளுங்கள். சாச்சாவோ மாமாவோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவராக இருந்தால் இன்னும் நல்லது. காலையில் ‘இதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்’ என்று கேட்டு அனுப்பாதீர்கள். ஃபிர்அவ்னிடம் போகுமுன் மூஸா (அலை) அவர்கள், தம் உள்ளம் விரியவும் நாவின் முடிச்சு அவிழவும் கேட்ட துஆ தாஹா அத்தியாயத்தில் 25 முதல் 28 வரை உள்ள வசனங்களில் இருக்கிறது. அதை ஓதி அனுப்புங்கள்.

வேலை கிடைக்காவிட்டால், என்னென்ன கேட்டார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். அடுத்த தேர்வுக்கு அதுவே பாடப்புத்தகம்.

வேலையில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அலமாரியில் உடுத்தாத நல்ல சட்டை ஒன்றிருக்கும். வாரத்தில் ஒரு மணி நேரமும் இருக்கும். சட்டையை ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேளுங்கள். ஒரு வீட்டில் அடுப்பெரிய அது காரணமாகலாம், இன்ஷா அல்லாஹ்.