பெடல் முதல் டயர் வரை: பழைய காருக்கு டிஸ்க் பிரேக் பொருத்தும் இளம் மெக்கானிக்குக்கு

மலேசியாவின் ஜெராமிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் பட்டறைத் தொழிலில் கால் வைத்திருக்கும் இளம் மெக்கானிக்குக்கு,

மோரிஸ் மைனர் போன்ற பழைய காருக்கு டிஸ்க் பிரேக் பொருத்தித் தரும்படி ஓர் உரிமையாளர் கேட்டு வரும்போது, அவர் கேட்பது ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலையன்று என்பதை முதலில் அவருக்கு விளக்கியாக வேண்டும். காலால் மிதிக்கும் பெடல், அந்த மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் குழாய்கள், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் உறுப்பு, சாலையைப் பற்றும் டயர் ஆகிய ஐந்தும் ஒரே கணக்கில் அமைந்தவை என்பதால், இவற்றில் எதை மாற்றினாலும் மற்ற நான்கையும் மறுபடி கணக்கிட வேண்டிவரும்.

1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மைனர், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன் வந்த வண்டி. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம். அதனுள்ளே இருக்கும் வளைந்த ஷூக்கள் விரிந்து கிண்ணத்தின் உட்சுவரை உரசும்போது வண்டி நிற்கிறது. மைனரின் முன் சக்கரங்களில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனியாக ஒரு வீல் சிலிண்டர் இருப்பதால், கிண்ணத்தின் சுழற்சியே இரண்டு ஷூக்களையும் மேலும் இறுக்கி, ஓட்டுநரின் காலுக்கு வேலையைக் குறைத்துவிடுகிறது. சுழலும் தட்டை இரு பக்கமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில் இந்தத் தன்னிறுக்கம் கிடையாது. ஆகவே அதே நிறுத்தத்துக்கு அது கூடுதல் எண்ணெய் அழுத்தத்தைக் கேட்கும். டிஸ்க் மாற்றிய பிறகு பிரேக் கட்டை போல இருக்கிறது என்று உரிமையாளர்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மாற்றத்தில் இறங்குமுன், இருக்கிற டிரம் பிரேக்கை அதன் சரியான நிலைக்குக் கொண்டுவந்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது முறையாகும். மைனரின் ஷூக்கள் தாமாகத் தேய்மானத்தை ஈடுசெய்துகொள்வதில்லை. முன் சக்கரம் ஒன்றுக்கு இரண்டும் பின் சக்கரத்துக்கு ஒன்றுமாக உள்ள சரிசெய் திருகுகளை யாரும் நெடுநாள் தொடாமல் விட்டால் பெடல் ஆழமாக இறங்கும். டிரம் பிரேக்கே மோசம் என்ற பழி அப்படித்தான் எழுகிறது. இவ்வேலையில் ஒரு கண்டிப்பு தேவைப்படுகிறது. பழைய ஷூக்களின் உரசு பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மைத் திறந்தவுடன் காற்றுக்குழாயால் தூசியை ஊதக் கூடாது; ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். நுரையீரல் இளமையிலேயே கெட்டால் எந்தத் தொழிலும் அதை ஈடுகட்டாது.

டிஸ்க் பிரேக்கின் புகழ் வெப்பத்தைத் தாங்கும் திறனால் வந்தது. 1953இல் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோது, அந்த வேகத்தில் மீண்டும் மீண்டும் மிதித்தும் பிரேக் தளராமல் இருந்ததே பேசுபொருளாயிற்று. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். டிஸ்க் தடித்துப் பேடை நோக்கி வரும். ஆனால் கிள்ளானிலிருந்து ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூருக்குப் போகும் சாலை கடலோரச் சமவெளியில் கிடப்பது. கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறி இறங்குபவரைத் தவிர இப்பகுதியில் ஓட்டுபவருக்கு வெப்பத் தளர்ச்சி அன்றாடக் கவலையன்று. இங்கே டிஸ்க்குக்குச் சாதகமான வலுவான நியாயம் மழைதான்: தேங்கிய நீரில் இறங்கி ஏறிய டிரம்முக்குள் ஈரம் தங்கிப் பிடிப்பு போய்விடுகிறது, திறந்தவெளியில் சுழலும் தட்டோ நீரை உதறிவிடுகிறது. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் தொடங்கிய செம்பனை இன்று இந்த வட்டாரமெங்கும் பரவி, குலை ஏற்றிய லோரிகளைச் சாலைகளில் நிறைத்திருக்கும்போது, ஈர பிரேக்குடன் அவற்றின் பின்னால் போவது சிறிய ஆபத்தன்று.

இருந்தாலும், மைனரின் பெரிய ஆபத்து டிரம்மில் இல்லை. அது ஒற்றைச் சுற்றில் இருக்கிறது. ஒரே மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதையில் அழுத்தம் அனுப்புவதால், ஏதேனும் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும்; கம்பிவடத்தால் பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே மிஞ்சும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டரில் ஒரு பாதை போனாலும் மறுபாதை நிற்கும். உரிமையாளரின் பணம் ஒரு வேலைக்கு மட்டுமே போதுமானால், டிஸ்க்கைத் தள்ளிவைத்து இரட்டைச் சுற்றை முதலில் செய்வதே சரி. பேடுகளை அழுத்தும் பளபளக்கும் காலிப்பர் கண்ணுக்குத் தெரியும், இரட்டைச் சுற்று தெரியாது என்பதால் அவரை இணங்கவைக்கப் பொறுமை வேண்டும்.

சிலிண்டரைத் தேர்வதில் ஊகத்துக்கு இடமில்லை. உள்விட்டம் 22.2 மி.மீ. உள்ள சிலிண்டருக்குப் பதிலாக 19.05 மி.மீ. உள்ளதை வைத்தால் அதே மிதிக்கு அழுத்தம் ஏறக்குறைய 36 விழுக்காடு கூடும். ஆனால் அதே அளவு எண்ணெயைத் தள்ளப் பெடலும் 36 விழுக்காடு கூடுதலாக நகர வேண்டும், காலிப்பரின் பெரிய பிஸ்டன்களோ முன்பைவிட அதிக எண்ணெயைக் கேட்கும். பெடலில் அவ்வளவு இடம் இல்லாதபோது, இஞ்சினின் வெற்றிட உறிஞ்சலைக் கொண்டு மிதிக்கு வலுவூட்டும் செர்வோவை நாட வேண்டும். செர்வோ பின் சக்கரத்துக்கும் சேர்த்து வலுவூட்டினால், எடை முன்னோக்கிச் சாயும் வேளையில் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழன்றுவிடும் என்பதால், பின் பாதையில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு தேவைப்படலாம். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் காரின் தரைத்தட்டுக்கு அடியில் இருப்பதும் கவனத்துக்குரியது: டிரம்முக்கென்று சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு முன் பாதையில் அப்படியே இருந்தால் பேடுகள் தட்டைவிட்டு விலகாமல் உரசிச் சூடேறும், வால்வே இல்லாவிட்டால் உயரத்திலுள்ள காலிப்பரிலிருந்து எண்ணெய் கீழே வடியும். இத்தகைய அமைப்புகளில் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தம் மட்டும் தேக்கும் வால்வைப் போடுவது வழக்கம்.

ஜப்பானியப் பழைய கார்களைப் பாதியாக அறுத்து இறக்குமதி செய்யும் ஹாஃப் கட் கடைகளில் காலிப்பரும் தட்டும் மலிவாகக் கிடைக்கும். இந்த மலிவில்தான் மிகப் பெரிய தவறுகள் நடக்கின்றன. மைனரின் நான்கு சக்கர போல்ட்டுகள் அமையும் வட்டம் 101.6 மி.மீ.; ஜப்பானியச் சிறிய கார்கள் பலவற்றில் அது 100 மி.மீ. இந்த 1.6 மி.மீ. வேறுபாட்டில் நட்டு ஏறிவிடும், ஆனால் சக்கரம் சரியாக உட்காராது. போல்ட் வளைந்து, ஓட்டத்தில் தளரும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை அச்சுத்தண்டின் வார்ப்பிரும்பிலோ அடித்துருவாக்கிய எஃகிலோ வெல்டிங் செய்து ஒட்டக் கூடாது. அந்தச் சூடு உலோகத்தின் உறுதியைக் கெடுக்கும். காற்றை வெளியேற்றும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடமும் வலமும் மாறிப் பொருத்தினால் அது அடியில் போய், எத்தனை முறை பிளீட் செய்தாலும் காற்று வெளியேறாது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் அதன் கீழ்வரம்பு 155. ஜெராமின் கடற்காற்றில் ஆண்டுக்கொரு முறை அதை மாற்றுவதும், எஃகுக் குழாய்க்குப் பதிலாகத் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாயைப் பயன்படுத்துவதும் வீண்செலவாகா.

பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு மோட்டார் வண்டி விதிகளும் பொருந்தும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் உரிமையாளர் எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும். கழற்றிய டிரம், ஷூ, சிலிண்டர் அனைத்தையும் எண்ணெய் பூசிக் கட்டி, புதிதாகப் போட்ட ஒவ்வொரு பாகத்தின் அளவும் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதும் எழுதிய தாளுடன் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பத்தாண்டு கழித்துப் பேடு தேய்ந்து வேறொரு பட்டறைக்கு அந்தக் கார் போகும்போது, எதை வாங்கிப் போடுவது என்று அங்கிருக்கும் மெக்கானிக்குக்கு அந்தத் தாள்தான் சொல்லும்.