நீரும் கரியும்

சிறியதோர் விதை நாளடைவில் பெருமரமாய் ஓங்கி நிற்பதை நாம் காண்கிறோம். அம்மரத்தின் பாரம் முழுவதும் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்தே வந்ததென்பது நெடுங்காலம் வழங்கிய கொள்கை. அதனைத் துலாக்கோல் கொண்டு சோதிக்கப் புகுந்தார், பிரஸ்ஸல்ஸ் நகரிற் பிறந்த வான் ஹெல்மான்ட் என்னும் இரசாயன அறிஞர்.

அவர் உலையிலிட்டு உலர்த்திய மண்ணில் 200 இராத்தல் நிறுத்து, ஒரு தொட்டியிலிட்டு, 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டார். மழைநீரோ வடித்தெடுத்த நீரோ அன்றி வேறொன்றும் அதற்கு ஊற்றவில்லை. ஐந்தாண்டு கழிந்தபின் மரம் ஏறக்குறைய 169 இராத்தல் இருந்தது. மண்ணோ இரண்டு அவுன்சு அளவே குறைந்திருந்தது. ஆகவே மரம் நீரினாலேயே ஆயதென அவர் முடிவு செய்தார். அவர் காலமான பின், 1648-இல் வெளிவந்த நூலில் இச்சோதனை காணப்படுகின்றது.

சோதனை செவ்விது, முடிவோ பாதியே மெய். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி, கரி என்னும் மூலப்பொருள். நீரிலோ அது இல்லை. ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்ததே நீர். அங்ஙனமாயின் கரி வந்த வழி யாது? காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலைகள் ஏற்று, சூரிய ஒளியின் துணையால் நீரோடு கூட்டிச் சர்க்கரை செய்கின்றன. 1804-இல் ஜெனீவா நகரத்து டி ஸொஸ்ஸூர், தாவரங்கள் காற்றிலிருந்து பெற்ற கரியின் எடையினும் மிகுதியாகப் பாரமேறுதலைக் கண்டு, நீரும் அவற்றின் உடலிற் சேர்கின்றதென நிறுவினார். அப்போது வெளிப்படும் பிராணவாயு நீரிலிருந்தே பிரிவதென்பது 1941-இல் விளங்கிற்று.

இவ்விரு பொருள்களின் இயல்பை நோக்குவோம். கரியின் ஒவ்வோர் அணுவும் நான்கு பிணைப்புகள் கொள்ள வல்லது. தன்னினத்து அணுக்களோடும் பிற அணுக்களோடும் கூடி நீண்ட தொடராகும். நீரின் மூலக்கூற்றிலோ பிராணவாயுவின் பக்கம் சிறிது எதிர்மின்னும், ஹைட்ரஜனின் பக்கம் சிறிது நேர்மின்னும் உள்ளன. ஆதலால் அம்மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இலைகளில் நீர் ஆவியாகுந்தோறும், அதன் பின்னுள்ள நீர் அறாத இழைபோல் வேரிலிருந்து மேலேறுவது இதனாலேயே. சர்க்கரை கரைவதும் இதனாலேயே. நீர் அதனைப் பற்றிக்கொண்டு மரமெங்கும் சுமந்து செல்கின்றது. அச்சர்க்கரையே ஆயிரக்கணக்கிற் கோக்கப்பட்டுச் செல்லுலோஸ் ஆகும்போது, அத்தொடர்கள் தம்முள் ஒன்றையொன்று இறுகப் பற்றுதலால் நீரிற் கரைவதில்லை. ஓடும் உணவும் நிற்கும் தண்டும் ஒரே பொருளாலாயின.

வான் ஹெல்மான்டின் வரலாற்றில் வியப்பான செய்தியொன்றுண்டு. 'காஸ்' என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவரே அவர்தாம். 62 இராத்தல் ஓக் மரக்கரியை எரித்தால் ஓர் இராத்தல் சாம்பலே எஞ்சுமென்றும், ஏனைய 61 இராத்தலும் காஸாய் வெளிப்போகுமென்றும் அவர் எழுதினார். மரத்தை விட்டுப் போகும் கரியமிலவாயுவை அறிந்த அவர், அதுவே மரத்துட் புகவுங்கூடுமென எண்ணினாரல்லர். தூசு விழாதிருக்கத் தொட்டியைத் துளையிட்ட தகட்டால் மூடியவர், இலைகளைச் சூழ்ந்த காற்றைக் கணக்கிற் கொள்ளவில்லை.

சோதனைச்சாலையிற் பயிலும் நாம் அவரை நகைப்பதற்கில்லை. நிறுத்தவற்றைப் பிழையின்றி நிறுப்பதோடு, நிறுக்காது விட்டது யாதென வினாவவும் பழகுவோமாக.