ஆயினும் களிகூருதல்

வேதபகுதி: ஆபகூக் 3:16-19
மனப்பாட வசனம்: ஆபகூக் 3:18

விளைச்சல் பெருகினால், சரீரம் சுகமாயிருந்தால், பிள்ளைகள் செழித்தால் மனம் மகிழும். இவை குறைந்தால் மகிழ்ச்சியும் குறையும். இது உலகத்தின் வழக்கம். வேதம் காட்டும் சந்தோஷமோ சூழ்நிலையிலிருந்து பிறப்பதன்று. கர்த்தரைப் பற்றிக்கொண்ட இருதயம் செய்யும் தீர்மானம் அது. ஆபகூக் தீர்க்கதரிசி அதற்குச் சாட்சி.

1. இழப்பை மறைக்காத விசுவாசம்

பாபிலோனியர் படையெடுத்து வரப்போவதை ஆபகூக் அறிந்தபோது அவருடைய உடல் நடுங்கிற்று, உதடுகள் துடித்தன. அவர் அதை மறைக்கவில்லை. அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என ஆறு இழப்புகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அந்நாட்டுக் குடும்பத்தின் உணவும் எண்ணெயும் வருவாயும் இவைகளே. ஆகவே கண்ணீர் அவிசுவாசமன்று. துக்கமில்லாதவன்போல் நடிக்கும்படி தேவன் எவரையும் கேட்பதில்லை.

2. மகிழ்ச்சியின் ஆதாரம்

வயல் மீண்டும் விளையும் என்று ஆபகூக் இங்கே சொல்லவில்லை. எல்லாம் போனாலும் தம்மை இரட்சிக்கிற தேவனில் களிகூருவதாகவே தீர்மானிக்கிறார். பகைவன் தொழுவத்தை வெறுமையாக்கலாம். தேவனைப் பறித்துக்கொள்ள அவனால் கூடாது. பவுலும் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது சந்தோஷத்தைக் கட்டளையாகவே கொடுத்தார். உணர்ச்சி கட்டளைக்குக் கீழ்ப்படியாது, சித்தமோ கீழ்ப்படியக்கூடும்.

3. சாம்பலின் நடுவில்

1812 மார்ச் 11 மாலை, வங்காளத்தின் செராம்பூர் மிஷன் அச்சகம் தீப்பிடித்தது. வில்லியம் கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் மார்ஷ்மன் சென்று செய்தியை அறிவித்தார். காகிதமும் அச்செழுத்துகளும் வேத மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்துபோயின. கேரி பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியும் அவற்றுடன் அழிந்தது.

அடுத்த ஞாயிறன்று கேரி சங்கீதம் 46:10-ஐ எடுத்துப் பிரசங்கித்தார். தம்முடைய ஊழியரைத் தம் சித்தப்படி நடத்தும் உரிமை தேவனுக்கு உண்டு. அதற்கு மனமுவந்து அடங்குவது மனிதனின் கடமை என்பதே அச்செய்தியின் சாரம். பிரிட்டனிலிருந்து உதவி வந்துசேர்வதற்கு முன்னரே அவர் இதைக் கூறினார் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் அச்செழுத்துகள் மீண்டும் வார்க்கப்பட்டன. மொழிபெயர்ப்புப் பணியும் தொடர்ந்தது. ஆனால் அந்த அகராதி மீண்டும் எழுதப்படவேயில்லை. இழந்த யாவும் திரும்பக் கிடைக்கும் என்பதல்ல விசுவாசியின் நம்பிக்கை. திரும்பி வராதவற்றின் நடுவிலும் கர்த்தர் மாறாதவர் என்பதே அது.

நடைமுறையில்

இழப்பைப் பெயர் சொல்லித் தேவனுக்கு முன்பாக வைப்பது முதற்படி. மீந்திருப்பவற்றுக்காக நன்றி செலுத்துவது இரண்டாவது. அன்றைய கடமையை அன்றே கையிலெடுப்பது மூன்றாவது. மரணத்தால் வாடும் வீட்டாரிடம் மகிழும்படி புத்தி சொல்வது அன்பாகாது. அவர்களோடு அழுவதே அன்பு. களிகூருதல் ஒருவர் தமக்கென்று செய்யவேண்டிய தீர்மானம். பிறர்மேல் சுமத்தும் பாரமன்று. அத்தீர்மானத்தைச் செய்ய வேண்டிய பெலனையும் கர்த்தரே அருளுகிறார். நடுங்கிய ஆபகூக்கின் கால்களை உயர்ந்த இடங்களில் நடக்கச் செய்தவர் அவரே.

சிந்திக்க:
1. தேவனிடம் இதுவரை சொல்லாமல் மறைத்துவைத்த இழப்பு எது?
2. மகிழ்ச்சிக்கு ஆதாரமாய் இருப்பது தொழுவமா, தேவனா?